கவிழ்ந்த சட்டியும் கன்னையா அண்ணன் சுட்ட மீன்களும்

கிள்ளானில் காப்பார் சாலைப் பக்கம் நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளில், கன்னையா அண்ணன் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அந்தச் சுவரும் பின்கட்டுக்கு வந்ததும் இடுப்பு உயரத்தோடு நின்றுவிடும். அதனால் அந்த வீட்டில் இன்றைக்கு என்ன சமையல் என்று நான் கேட்டுத் தெரிந்துகொண்டதே இல்லை. மூக்கே சொல்லிவிடும்.

அண்ணனுக்குப் போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் வேலை. கப்பலிலிருந்து சாமான் தூக்கி இறக்கும் விஞ்சு ஓட்டுவார். ஆள் குட்டை, குரல் மட்டும் கப்பல் ஊதல் மாதிரி. வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வரும்போது கைப்பிடியில் ஒரு பை தொங்கும். அந்தப் பை ஆடுகிற ஆட்டத்தை வைத்தே தெருப்பிள்ளைகள், "இன்னிக்குத் தெங்கிரி மீனு", "இல்ல, வவ்வால் மீனு" என்று சொல்லிவிடுவார்கள். செவ்வாய் வெள்ளி தவிர மற்ற நாளில் மீன் இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது.

அந்த மீனைக் குழம்பாக்குவது அவர் மனைவி தங்கமணி அக்கா. அதற்கென்றே ஒரு மண்சட்டி வைத்திருந்தார். அதில் வேறு எதுவும் வேகாது. அது வீட்டுக்குள்ளும் வராது. உள்ளே சாமி மேடை இருக்கிறதே, அதனால் பின்கட்டிலேயே அதற்கு அடுப்பு, அங்கேயே அதற்குக் குடித்தனம். குழம்பு கொதித்துப் புளியும் வெந்தயமும் சேர்ந்து மணக்கும்போது, இந்தப் பக்கம் விளக்கேற்றிக்கொண்டிருக்கும் எனக்கே கவனம் கொஞ்சம் தப்பும். முருகன் மன்னிக்க வேண்டும்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு தைப்பூசம் முடிந்து எல்லாரும் பத்துமலையிலிருந்து திரும்பிய மறுநாள் காலை, அக்கா அந்தச் சட்டியை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்தார். வெயிலில் காயவைத்தார். கழுத்தைச் சுற்றி மஞ்சள் கயிறு கட்டி, பின்கட்டு மேடையில் குப்புறக் கவிழ்த்தார்.

பல் விளக்கிக்கொண்டிருந்த அண்ணன் பார்த்தார். "என்னா புள்ள, சட்டிக்குத் தாலியா? கல்யாணமா அதுக்கு?"

"ஆமா. முருகனுக்குக் கட்டிக் குடுத்துட்டேன்."

அவர்களுக்கு ஒரே மகள், மங்களம். செந்தூலில் ரயில் பட்டறையில் வேலை பார்க்கும் விஜயனுக்குக் கட்டிக்கொடுத்து வருசங்கள் ஓடிவிட்டன. பிள்ளை இல்லை. பார்க்காத டாக்டர் இல்லை, சுற்றாத கோயில் இல்லை. இந்தத் தைப்பூசத்தில், மற்றவர்கள் பால்குடம் எடுத்துப் போகையில், அக்கா சன்னிதியில் கைகூப்பி ஒரு வேண்டுதல் வைத்துவிட்டு வந்திருந்தார். அதை அப்போதுதான் வாய்விட்டுச் சொன்னார்.

"மங்களத்துக்குப் பிள்ளை பொறந்து, அந்தப் பிள்ளையை நான் பத்துமலையில முருகன் காலடியில போடற வரைக்கும் இந்தச் சட்டி நிமிராது. நான் மீனைத் தொடமாட்டேன், ஆக்கமாட்டேன், வாயில வைக்கமாட்டேன்."

அண்ணன் வாயில் பற்பசை நுரையோடு நின்றார். "சரி. அப்ப நானு?"

"நீங்களா வேண்டிக்கிட்டீங்க? நீங்க தின்னுங்க. ஆனா சட்டியைத் தொடக்கூடாது. மீன் வாடை சாமி மேடைப் பக்கம் வரக்கூடாது."

"சட்டியும் இல்ல, வாடையும் கூடாது. மீனைப் படத்துல பாத்துக்கிட்டுச் சோறு திங்கவா?"

"அது உங்க பாடு."

அண்ணன் சுவரோரம் வந்து என்னிடம் முறையிட்டார். "பாரு தங்கச்சி. வேண்டுதல் அவளுது, விரதம் எனக்கு! அவளுக்கென்ன? கட்டிக்கிட்டு வந்த நாள்லேர்ந்து வால் துண்டைத் தவிர வேற தொட்டதில்ல. மீன் இல்லாட்டி அவளுக்கு ஒன்னும் ஆகப்போறதில்ல. முருகன் சரியா என் வயித்துலதான் வேலைக் குத்துறான்லா."

நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். ஆனாலும் சிரிப்பு வந்துவிட்டது.

கடையில் சாப்பிடலாமே என்றேன். கடை மீன் என்றைக்குச் செத்தது என்று அந்த மீனுக்கே ஞாபகம் இருக்காது என்று சொல்லிவிட்டார்.

கப்பலில் ஏறி வேலை செய்கிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. கரையிலிருந்து கொஞ்சம் பச்சை மிளகாய், எலுமிச்சை, வாழைப்பழம் கொண்டுபோய்க் கப்பல் சமையல்காரனிடம் கொடுப்பார்கள். மாதக்கணக்காகத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தவன் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வான். பதிலுக்குக் கோப்பி ஊற்றுவான். அண்ணனுக்கு இப்படி ஊர் உலகமெல்லாம் சிநேகிதர்கள். அதுவரை அவர்களிடம் கோப்பி மட்டும் குடித்துக்கொண்டிருந்தவர், இப்போது ஒரு கேள்வியோடு போக ஆரம்பித்தார். இங்கிலீஷ் கொஞ்சம், மலாய் கொஞ்சம், மிச்சம் கைஜாடை: "ஃபிஷ். நோ சட்டி. நோ ஸ்மெல். ஹவ்?"

முதலில் பதில் சொன்னவன் ஒரு பிலிப்பீன்காரன். அன்று மாலை அண்ணன் சுவருக்கு மேல் ஒரு பீங்கான் கிண்ணத்தைத் தூக்கிக் காட்டினார்.

"அடுப்பே வேணாம் தங்கச்சி! நெருப்பு இல்லாமலே வேகுது பாரு!"

தெங்கிரி மீனைச் சின்னத் துண்டுகளாக நறுக்கி, காடியில் ஒரு முறை அலசி, எலுமிச்சைச் சாற்றில் ஊறப்போட்டு, இஞ்சி, வெங்காயம், பச்சை மிளகாய் கலந்திருந்தார். கண்ணாடி மாதிரி இருந்த துண்டுகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெந்த மீன் போல வெளுத்துக்கொண்டு வந்தன.

உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. "ஏங்க, பச்சை மீனையா திங்கப் போறீங்க? அடுத்த வீட்டுப் பூனைகூட வாட்டிக் குடுத்தாத்தான் திங்குது!"

அடுத்த வீட்டுப் பூனை என்றால் எங்கள் பூனைதான். அது சுவர்மேல் உட்கார்ந்து, தன் சாதியில் ஒரு பெரியவரைப் பார்ப்பதுபோல அண்ணனை மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தது.

அண்ணன் சாப்பிட்டார். கொஞ்ச நேரம் யோசித்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா சோத்தோட பிசைஞ்சா, சோறு 'நீ யாரு?'ன்னு கேக்குது."

அடுத்து வந்தது ஒரு பிரெஞ்சுக் கப்பல். அதன் சமையல்காரன் மீனை வெண்ணெய், வெங்காயத்தோடு தாளில் பொட்டலம் கட்டிச் சுட்டுக் காட்டினானாம். பொட்டலம் பூரி மாதிரி உப்பியதாம். பிரிக்கும்வரை வாசனை வெளியே வரவில்லையாம். அண்ணன் தாளைப் பார்த்தாரே தவிர என்ன தாள் என்று பார்க்கவில்லை. அவனுடையது சமையலுக்கென்றே செய்த தாள். நம் அண்ணன் எடுத்தது ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பத்திரிகை.

"ஏங்க, அதுல சாமி படம் இருக்கப்போகுது, பாத்து எடுங்க!" என்று அக்கா கத்தினார்.

அதில் அண்ணன் மகா ஒழுங்கு. பின்கட்டில் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் பிரித்தார். கோயில் திருவிழாப் பக்கம் ஆகாது. கல்யாண வாழ்த்துப் பக்கம், பாவம், சின்னஞ்சிறுசுகள். அதில் மீனைச் சுற்றக்கூடாது. மரண அறிவித்தல் பக்கத்தில் சுற்றினால் தின்கிறவனுக்கே பயமாக இருக்கும். கடைசியில் மிஞ்சியது ராசி பலன் பக்கம். அதைத் தண்ணீரில் நனைத்து, இரட்டையாக மடித்து, மீனைப் பொட்டலம் கட்டி, பின்சந்தில் செங்கல் அடுக்கித் தானே செய்துகொண்ட கரி அடுப்பில் வைத்தார்.

பொட்டலம் உப்பவில்லை. ஒரு மூலையில் ஓட்டை விழுந்து வெண்ணெய் ஒழுகிக் கருகியது. பிரித்துப் பார்த்தால் மீனின் விலாவில் எழுத்து பதிந்திருந்தது, தலைகீழ்க் கண்ணாடி எழுத்தாக. அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. அக்காவின் பொட்டுக் கண்ணாடியை வாங்கிவரச் சொல்லி என்னைப் படிக்கச் சொன்னார். படித்தேன். "கன்னி ராசிக்காரர்கள் இவ்வாரம் உணவில் கட்டுப்பாடு காப்பது நலம்."

உள்ளே அக்கா சிரித்த சிரிப்பு தெரு முனைவரை கேட்டிருக்கும். அண்ணன் கன்னி ராசி.

தோலை உரித்துவிட்டு மீனை மட்டும் சாப்பிட்டார். பலனை விட்டுவிட்டார்.

ஜப்பான் கப்பல்காரன் சொல்லிக்கொடுத்தது ரொம்ப அழகு. சின்ன மீனை மூங்கில் குச்சியில் நீந்துகிற மாதிரி வளைத்துக் கோத்து, உப்பை மட்டும் தடவி, கரி நெருப்பைச் சுற்றி மண்ணில் சாய்வாக நட்டுவைக்க வேண்டும். நெருப்பு மீனைத் தொடாது, அனல்தான் தொடும். அண்ணன் பாசாரில், கறித்துண்டு கோத்துச் சுடும் மெல்லிய சாத்தே குச்சி வாங்கிவந்தார். மூங்கில்தானே என்று நினைத்தார். கெம்போங் மீன்கள் நெருப்பைச் சுற்றி வட்டமாக நீந்துவதுபோல நின்றபோது, பார்க்க உண்மையிலேயே தேர் மாதிரி இருந்தது. நான்கூடக் கையெடுத்துக் கும்பிடப் பார்த்தேன். பிறகு ஒரு குச்சி கருகி, ஒரு மீன் சாம்பலில் விழுந்தது. அப்புறம் இன்னொன்று. அண்ணன் இந்தப் பக்கம் தூக்கி நிறுத்த, அந்தப் பக்கம் இரண்டு விழுந்தன. அன்றைக்கு எங்கள் பூனைக்குத்தான் விருந்து. ஜப்பான் மீனின் ருசி என்னவென்று அந்த வீட்டில் யாருக்குமே சரியாகத் தெரியாமல் போனது.

"போகுது விடுங்க," என்றார் அக்கா சன்னல் வழியாக. அவர் முகம் சாமி மேடைப் பக்கம் இருந்தது. மூக்கு எந்தப் பக்கம் இருந்தது என்று அப்போது நான் கவனிக்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் விஜயன் கையில் லட்டுப் பெட்டியோடு வந்து இறங்கினான். சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றான். அக்காவுக்குப் பெட்டியைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அழுதுகொண்டே உள்ளே ஓடி விளக்கேற்றினார். அண்ணன் மருமகனைக் கட்டிப்பிடித்து, "இரு, இரு, உனக்கு ஒரு பிலிப்பீன் மீனு போட்டுத் தரேன்," என்றார். விஜயன் பயந்துபோய் உடனே செந்தூலுக்கு பஸ் ஏறிவிட்டான்.

அன்றிலிருந்து வேண்டுதல் இன்னும் இறுகியது. வேண்டிக் கேட்டது கிடைத்தால்தானே பயம் வரும்? இல்லாதவரைக்கும் இழக்க ஒன்றுமில்லை. இப்போது மங்களத்தின் வயிற்றில் ஓர் உயிர் இருக்கிறது. அதற்குப் பொறுப்பு ஒரு கவிழ்ந்த சட்டி. மீன் லோரி தெருவில் ஹாரன் அடித்தாலே அக்கா வீட்டுக்குள் போய்விடுவார். அண்ணனோ, வாடையை எப்படி இன்னும் குறைப்பது என்று இன்னும் மும்முரமாக இறங்கினார். சாமிக்கு ஆகாது என்று அவருக்கும் பயம்தான்.

ஒரு கிரேக்கக் கப்பல் சமையல்காரன்தான் அவருக்கு வழிகாட்டினான். மீனை உப்பில் புதைத்துவிடு என்றான்.

"சமாதி வச்சுட்டா வாடை எங்கேருந்து வரும் தங்கச்சி?" என்று அண்ணன் குதித்தார். மூட்டை உப்பு வந்து இறங்கியது. எதிர்ச்சந்து சீன மூதாட்டி ஆ மோய் ஆன்டி எட்டிப் பார்த்து, "கன்னையா, யூ மேக் இகான் மாசின் ஆ?" என்று கேட்டார். கருவாடா போடப் போகிறாய் என்று அர்த்தம்.

"நோ ஆன்டி, ஃபிஷ் ஸ்லீப்பிங்!"

ஒரு முழுக் கொடுவா மீன். செதில்கூட எடுக்கவில்லை. வயிற்றுக்குள் ஒரு செரைத் தண்டையும், அதுதான் எலுமிச்சைப் புல், நான்கைந்து எலுமிச்சை இலைகளையும் வைத்தார். கல் உப்பை முட்டை வெள்ளைக்கருவில் பிசைந்து, பெரிய பிஸ்கட் டின்னில் அடியில் ஒரு மெத்தை, மேலே ஒரு போர்வை. டின்னை மூடி, கீழே கரி, மூடியின் மேலும் கரி. வெகு நேரம் ஒரு மணமும் இல்லை. அண்ணன் எங்களைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். ஆறவிட்டுத் திறந்தால் உப்பு கல்லாக இறுகியிருந்தது. சுத்தியலை எடுத்து ஓங்கி ஒரு போடு போட்டார்.

அப்போதுதான் வந்தது. வாடை என்று சொன்னால் பாவம். உப்பு ஓட்டின் பிளவிலிருந்து ஒரு ஆவி எழும்பி, புல்லும் இலையும் கடலும் சேர்ந்த ஒரு மணம், வரிசை வீடுகள் அத்தனையிலும் நுழைந்து திரும்பியது. தோல் செதிலோடு ஓடாகக் கழன்றது. உள்ளே பஞ்சு போல வெள்ளைச் சதை. அண்ணன் ஒரு வாய் வைத்து, "மீனுக்கே தெரியாம வெந்திருக்கு," என்றார். பாதியைச் சாப்பிட்டுவிட்டு, மிச்சத்தை வாழை இலை போட்டுப் பின்கட்டில் மூடிவைத்து, மதிய வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

நான் காய்ந்த துணி எடுக்கப் பின்னால் போனேன். சுவருக்கு அந்தப் பக்கம் தங்கமணி அக்கா நின்றுகொண்டிருந்தார். இலை திறந்திருந்தது. அவர் விரல்களில் ஒரு வெள்ளைத் துண்டு. கைக்கும் வாய்க்கும் நடுவில் ஒரு சாண்.

என் கையிலிருந்த துணிக்கூடை கீழே விழுந்தது. அந்தச் சத்தத்தில் அவர் விரலிலிருந்த மீன் துண்டும் விழுந்தது.

அக்கா குழாயடிக்கு ஓடி, கையைப் புளி போட்டுத் தேய்த்தார், மஞ்சள் போட்டுத் தேய்த்தார், மறுபடியும் தேய்த்தார். நான் சுவர் ஏறிக் குதித்துப் போய் நிறுத்தினேன்.

"தொட்டுட்டேனே தங்கச்சி. தொடமாட்டேன்னு சொன்னேனே."

"வாயில வைக்கலையே அக்கா."

"நீ வரலன்னா வச்சிருப்பேன். மங்களத்துக்கு இப்பத்தான் ஆறாவது மாசம். என் நாக்கு நீளத்துக்கு அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆனா..."

"முருகன் அப்படியெல்லாம் கணக்குப் பாக்கறவன் இல்லக்கா. அவனும் ஒரு அம்மாவுக்குப் பிள்ளைதானே." எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கொஞ்சம் தேறினார். குழாயடியிலேயே உட்கார்ந்து, முந்தானையில் மூக்கைச் சிந்திக்கொண்டு, பாதி அழுகையும் பாதிச் சிரிப்புமாகச் சொன்னார்.

"உங்க அண்ணன் சாமிக்குத்தான் வாடை ஆகாதுன்னு நினைச்சுக்கிட்டிருக்காரு. முருகனுக்கு மீன் வாடை என்ன புதுசா? திருச்செந்தூர்ல கடல் ஓரமாவே கோயில் கட்டிக்கிட்டு நிக்கறான். எனக்குத்தான் ஆகாது தங்கச்சி. அந்த மனுசன் வாடையை மறைக்கறேன் மறைக்கறேன்னு, நாளுக்கு நாள் மணத்தைக் கூட்டிக்கிட்டே போறாரு!"

"உங்களுக்கு வால் துண்டு போதும்னு அண்ணன் சொன்னாரே?"

"யாரு சொன்னா? நடுத்துண்டு அவருக்கு, அடுத்த துண்டு மகளுக்கு. மிச்சம் இருக்கறது வாலு. வாலுதான் பிடிக்கும்னு சொன்னாத்தானே அவங்க நிம்மதியா திம்பாங்க? பிடிச்சதைத்தானே சாமிக்குக் குடுக்கணும். பாவக்காயை விட்டுட்டேன்னு வேண்டிக்கிட்டா முருகன் சிரிக்கமாட்டானா?"

அண்ணனிடம் சொல்லிவிடலாம், அவர் நிறுத்திவிடுவார் என்றேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சொல்லாத. சொன்னா நிறுத்திடுவாரு. வெயில்ல கப்பல் மேல நின்னு வர்ற மனுசன், ஒரு வாய் மீனுக்காக உலகத்தையே சுத்தி வர்றாரு. வேண்டினது நான். நான் தாங்கிக்கறேன்."

பிறகு எழுந்து உள்ளே போய், ஒரு மஞ்சள் கயிறு எடுத்துவந்து என்னிடம் நீட்டினார். வலது மணிக்கட்டைக் காட்டினார். "கட்டு. சட்டிக்குக் கட்டினேன், கைக்குக் கட்ட மறந்துட்டேன்."

கட்டினேன். அன்று மாலை அண்ணன் பார்த்து, "இது எந்தக் கோயில் காப்பு?" என்று கேட்டார். அக்கா, "வீட்டுக் கோயில்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மங்களத்துக்குப் பிரசவம் சிக்கலாகி, ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்துத்தான் பிள்ளையை எடுத்தார்கள். பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலமாகக் கிள்ளானுக்கு வந்துசேர்ந்தார்கள். ஆனால் மங்களம் வாழைத்தண்டு போல வெளிறிப்போயிருந்தாள். புண் ஆற வேண்டும்.

இந்த நாட்டில் மலாய்க்காரர், சீனர், தமிழர் மூன்று பேரும் சண்டையில்லாமல் ஒத்துக்கொள்ளும் மருந்து ஒன்று உண்டென்றால், அது ஹாருவான் மீன்தான். நம் ஊர்ப் பேச்சில் விரால். அறுத்த புண்ணுக்கு அதைப்போல வேறில்லை. பார்க்க வந்த ஒவ்வொருவரும் அதையே சொல்லிவிட்டுப் போனார்கள்: "ஹாருவான் குடுத்தீங்களா?"

குழந்தையைப் பத்துமலைக்குக் கொண்டுபோக முப்பது நாள் தீட்டு கழிய வேண்டும். அதுவரை சட்டி நிமிரக்கூடாது. அக்கா மகள் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து மணிக்கட்டுக் கயிற்றைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"யாருக்காக வேண்டினேனோ அவளுக்கே ஒரு வாய் ஆக்கிப் போட முடியலையே தங்கச்சி. கயித்தை அவுத்துடவா? பிள்ளைதான் நல்லபடியா வந்துடுச்சே..."

கை கயிற்றின் முடிச்சில் இருந்தது. வாக்குக் கொடுத்தது முருகனிடம். பசியோடு படுத்திருப்பது மகள்.

வாசலில் மோட்டார் வந்து நின்றது. உள்ளே வந்தவர் கண்ணில் முதலில் பட்டது முடிச்சில் இருந்த அந்தக் கைதான். "அவுக்காத!" என்று கப்பல் ஊதல் குரல். அண்ணன் கையில் ஒரு வாளி. "நான் எதுக்கு இருக்கேன்? நாலு நாட்டு மீனை ஆக்கினவன், சொந்தப் பிள்ளைக்கு ஆக்கமாட்டேனா?"

வாளியில் மூன்று ஹாருவான்கள், உயிரோடு. பின்சந்துக்குக் கொண்டுபோய் மூடியைத் திறந்த நொடியில் ஒன்று துள்ளி வெளியே விழுந்து, பின்கட்டைத் தாண்டி அடுப்பங்கரைக்குள் வழுக்கிக்கொண்டு போனது. அண்ணன் பாய்ந்து பிடித்தார், வழுக்கியது. அது நேரே சாமி மேடையைப் பார்த்துக் கிளம்பியது.

"ஐயோ, புடிங்க!" அக்கா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு குறுக்கே நின்றார். ஓங்கினவர் பாதியில் என்னைப் பார்த்தார். "தங்கச்சி, துடைப்பம் பட்டா தொட்ட கணக்கா?"

"துடைப்பத்தை முருகன் கணக்குல எடுக்கமாட்டான் அக்கா, தள்ளுங்க!"

ஒரே தள்ளில் மீன் பின்கட்டுக்கு வந்தது. கட்டிலில் மங்களம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வைக்காதீங்கம்மா, தையல் வலிக்குது," என்று அழாத குறையாகச் சிரித்தாள்.

சமைக்கும் வகையை ஆ மோய் ஆன்டி சொல்லிக்கொடுத்து, மூடி போட்ட பீங்கான் ஜாடியும் கொடுத்தனுப்பினார். ஜாடிக்குள் மீன், இஞ்சி, சிவப்புப் பேரீச்சை, கொஞ்சம் தண்ணீர். ஜாடியை மூடி, வெந்நீர் உள்ள பெரிய பாத்திரத்துக்குள் வைத்து, மெதுவாக வேகவிட வேண்டும். அண்ணன் பின்சந்து அடுப்பின் முன்னால் குந்தினார். அக்கா பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு, அடுப்புக்கு முதுகைக் காட்டி வாசற்படியில் நின்றார்.

"இஞ்சி பத்தாது," என்றார் அக்கா, திரும்பாமல்.

"ஆன்டி இவ்வளவுதான் சொன்னாங்க."

"பத்தாது. இன்னும் ரெண்டு வில்லை போடுங்க."

போட்டார். கொஞ்ச நேரம் போனது.

"தீயைக் குறைங்க. துள்ளிக் கொதிக்குது. உப்பு மீனுக்கு வச்சீங்களே செரை, அது ஒரு தண்டு தட்டிப் போடுங்க. பார்த்து, தாள்ல சுட்டப்ப வெண்ணெயைக் கருக்கின மாதிரி கருக்கிடாதீங்க. பச்சை மீனுல வெங்காயம் தூக்கலாப் போன மாதிரியும் ஆக்கிடாதீங்க."

அண்ணன் கரண்டியோடு எழுந்தார். மெதுவாகக் கேட்டார். "பச்சை மீனுல வெங்காயம் தூக்கலாப் போனது உனக்கு எப்படித் தெரியும்? நீ உள்ள சாமிகிட்டல்ல இருந்த?"

குழந்தைக்கு விக்கல் வந்தது. அதன் முதுகைத் தட்டிக்கொடுத்த அக்காவின் கையில் மஞ்சள் கயிறு நிறம் மங்கிக் கிடந்தது. அண்ணன் அந்தக் கயிற்றைப் பார்த்தார், கவிழ்ந்த சட்டியின் கயிற்றைப் பார்த்தார், மறுபடியும் கையைப் பார்த்தார்.

"தங்கம்... எல்லாத்தையும் மோந்துக்கிட்டேவா இருந்த?"

"மூக்கைக் கழட்டியா வைக்க முடியும்?"

நான் துணி எடுக்கப் போவதுபோல எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டேன். சில பேச்சுக்கு அடுத்த வீட்டுக்காரி இருக்கக் கூடாது. சுவருக்கு அந்தப் பக்கம் ஜாடி மெதுவாகக் கொதித்தது. மங்களம் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள்.

மத்தியானம் பார்த்தால் அண்ணன் தட்டில் ரசம், அப்பளம்.

"மீனு சாப்பிடலையாண்ணே?" என்றேன்.

"பல்லு வலி தங்கச்சி."

அந்தப் பல்வலி முப்பது கழியும் வரைக்கும் இருந்தது. முறுக்கு கடித்தார், கடலை கடித்தார், கரும்பு கடித்தார். மீனுக்கு மட்டும் பல் வலித்தது. தினமும் மகளுக்கு ஹாருவான் வேகவைப்பார். அக்கா திரும்பாமல் நின்று மூக்கால் சமையல் சொல்லிக்கொடுப்பார். அக்காவும் பல்லைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ரசத்தில் மட்டும் நாளுக்கு நாள் மிளகும் பூண்டும் கூடிக்கொண்டே வந்தன.

முப்பது கழிந்ததும் ஒரு நல்ல நாளில் எல்லாரும் பத்துமலை போனோம். அக்கா பேத்தியை யாரிடமும் கொடுக்கவில்லை. படி முழுவதும் தானே தூக்கிக்கொண்டு ஏறினார். குகைக்குள் ஈரமும் விபூதி மணமும். சன்னிதி முன் தரையில் துண்டை விரித்து, அதன்மேல் குழந்தையைப் போட்டார். அது முருகனைப் பார்த்துக் காலை உதைத்துக்கொண்டு சிரித்தது. சத்தியமாகச் சிரித்தது. அங்கேயே அண்ணன் அக்காவின் மணிக்கட்டுக் கயிற்றை அவிழ்த்தார். முடிச்சு இறுகிப்போயிருந்தது, பல்லால் கடித்துத்தான் அவிழ்த்தார்.

"பல்லு சரியாப் போச்சா?" என்றார் அக்கா.

"முருகன் அருள்," என்றார் அண்ணன்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அக்கா சட்டியை நிமிர்த்தினார். உள்ளே ஒரு குளவி மண்ணால் வீடு கட்டிவைத்திருந்தது. அது காலி வீடு, குளவி எப்போதோ வேறு இடத்துக்குக் குடிபோய்விட்டது. அக்கா சட்டியைக் கழுவி அடுப்பில் வைத்தார். அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! காலையிலேயே பெரிய தெங்கிரியும் கொடுவாவும் வாங்கி ஐஸில் வைத்துவிட்டிருந்தார். புளியைக்கூடத் தானே ஊறப்போட்டிருந்தார். உலகத்து மீனெல்லாம் தின்று பார்த்தாயிற்று. அத்தனை நாளும் அவர் நாக்கு கேட்டது இந்தச் சட்டிக் குழம்பைத்தான். இலை போட்டு உட்கார்ந்தே விட்டார்.

"எந்திரிங்க," என்றார் அக்கா.

"ஏன்?"

"குழம்பு எங்கே போகப்போகுது? முதல்ல எனக்கு அந்த உப்பு மீனு."

அண்ணன் எழுந்தார். உப்பைப் பிசைந்தார், கரி மூட்டினார், சுத்தியல் எடுத்தார். நடுத்துண்டைப் பிய்த்து அக்காவின் இலையில் வைத்தார். வாலைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டார். அக்கா கண்ணை மூடிச் சாமியை நினைத்து, ஒரு வாய் வைத்தார். நாங்கள் எல்லாரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். வெகு நேரம் மென்றார்.

"ம். மணத்துலயே தெரிஞ்சதுதான். வயித்துக்குள்ள ஒரு சுளை பூண்டு வச்சிருக்கலாம்."

மறுநாள் பிலிப்பீன் மீன், வெங்காயம் குறைத்து. அதற்கு அடுத்த நாள் தாள் மீன். விஜயன் கோலாலம்பூரிலிருந்து வாங்கிவந்த சரியான தாளில் கட்டியதால், எழுத்துப் பதியாமல் வந்தது. ஒவ்வொரு நாளும் நடுத்துண்டு அக்காவுக்கு, வால் அண்ணனுக்கு. ஒவ்வொரு நாளும் அண்ணன் அடுப்பில் காலியாக நிற்கும் சட்டியைப் பார்ப்பார், அக்கா முகத்தைப் பார்ப்பார்.

"இன்னிக்காவது குழம்பு வைக்கிறியா புள்ள?"

"வைக்கறேன். ஜப்பான் பாக்கி இருக்குல்ல? அது எனக்கு மணம்கூட வரல. பூனைதான் தின்னுச்சு."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் விளக்குத் திரி திரித்துக்கொண்டு குனிந்துகொண்டேன். பெருமூச்சு விட்டுவிட்டு, வெட்டுக்கத்தியை எடுத்து மோட்டாரின் பின்னால் கட்டினார். காப்பார் ஆற்றோரத்தில் நல்ல தடித்த மூங்கில் புதர் இருக்கிறது. சாத்தே குச்சியை இனி நம்பமாட்டார். மோட்டாரை உதைத்தபடி வாசலிலிருந்தே குரல் கொடுத்தார்:

"புளியைக் கரைச்சு மூடி வை தங்கம்! நான் ஜப்பானுக்குப் போயிட்டு வந்துடறேன்!"